என் ருத் எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள்

போன மாதம் சாந்தியாகோவில், எங்கள் தெருமுனை மருந்துக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். கணினி மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. பதினைந்து பேருக்கு ஒரே கவுண்டர். அதிலிருந்த பெண்ணும் பாதி நேரம் உள்ளே போய்ப் போய் வந்தாள். முந்தின இரவு முழுக்க எனக்குப் பல்வலி, தூக்கமில்லை. "இந்த நாட்டுல ஒரு வலி மாத்திரை வாங்க ஒரு மத்தியானமே போயிடுது" என்று ஸ்பானிஷில் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பின்னால் நாய்ச்சங்கிலியோடு நின்ற அறுபது வயதுக்காரர், "பிடிக்கலைன்னா உன் நாட்டுக்கே போயிடலாமே" என்றார். கோபமெல்லாம் இல்லை. பேருந்துக்கு வழி சொல்கிற குரல்.

வாயைத் திறப்பதற்குள் என் முறை வந்துவிட்டது. "ருத் சொல்லுங்க" என்றாள் கவுண்டர் பெண்.

ருத் என்பது இங்கே எல்லோருக்கும் உள்ள அடையாள எண். மருந்து வாங்கினால் கேட்பார்கள், மளிகை வாங்கினால் கேட்பார்கள், பல் மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லும் முன் அதைத்தான் கேட்பார். பிறப்பைப் பதியும்போது வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போகும் எண் என்பதால், ஒருவருடைய எண்ணைக் கேட்டாலே வயதைத் தோராயமாகச் சொல்லிவிடலாம். குடியேறி வந்தவர்களின் எண்கள் அவர்கள் வயதுக்குப் பொருந்தாமல் வேறு இடத்தில் நிற்கும். இதை யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவதில்லை. ஆனால் தெரியாதவர் யாருமில்லை. நான் 2000-இல் பிறந்தவள். என்னுடையது இருபதில் தொடங்கும். அந்த இருபதிலிருந்து கடைசிச் சரிபார்ப்பு இலக்கம் வரை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். எல்லா சிலிக்காரர்களும் அதை ஒரே ராகத்தில்தான் சொல்வார்கள்.

பின்னாலிருந்து, "அட, இங்கே பொறந்த பொண்ணா" என்று குரல் வந்தது. திரும்பினேன். மனிதர் வெட்கப்படவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ஆனால் இடுப்பு அறுவைக்காக எத்தனை மாதமாகக் காத்திருப்போர் பட்டியலில் கிடக்கிறார் என்று ஆரம்பித்தார். இந்த நாடு உருப்படாது என்றார். ஆமாம் என்றேன். நாயும் நாங்களும் கடை வாசலில் பத்து நிமிடம் நின்று சிலியைத் திட்டித் தீர்த்தோம்.

சென்னையிலிருக்கும் என் அத்தை மகள் சில நாள் முன்பு வாட்சப்பில் கேட்டிருந்தாள்: "நிஜமாச் சொல்லு, மனசுக்குள்ள நீ இந்தியனா, சிலியனா?" அவளுக்கு எழுத ஆரம்பித்த பதில்தான் நீண்டு இப்படி ஆகிவிட்டது.

நான் பிறந்தது லா செரேனாவில், சாந்தியாகோவுக்கு வடக்கே சுமார் 470 கிலோமீட்டரில் இருக்கும் கடற்கரை ஊர். அதைச் சுற்றியுள்ள மலைகளில் வானம் வருடத்தில் பெரும்பாலான இரவுகள் துடைத்துவைத்த மாதிரி இருப்பதால், உலகத்துத் தொலைநோக்கிகள் பல அங்கேதான் இருக்கின்றன. அப்பா 1998-இல் அப்படி ஒரு மலைக்கு மின்னணுப் பொறியாளராக வந்தார். ஒரு வாரம் மலையில், ஒரு வாரம் வீட்டில். எனக்குத் தமிழ் எழுதத் தெரிவதற்குக் காரணம் அம்மா. ஞாயிற்றுக்கிழமை ஒரு பக்கம் சொல்வதை எழுதினால்தான் கடற்கரைக்குப் போகலாம். றகரமும் ரகரமும் எனக்கு இன்னும் உப்புக்காற்று வாசத்தோடுதான் நினைவுக்கு வரும்.

சட்டத்தைப் பொறுத்தவரை என் விஷயத்தில் குழப்பமே இல்லை. சிலி மண்ணில் பிறந்தவர் சிலிக்காரர். வெளிநாட்டு அரசுப் பணியில் வந்தவர்களின் பிள்ளைகளும், நாட்டில் வந்துபோகிறவர்களின் பிள்ளைகளும் மட்டும் விலக்கு. அப்பாவிடம் வேலை விசா இருந்தது, நான் சிலிக்காரி ஆனேன். ஆவணம் இல்லாத பெற்றோருக்கு அதே காலத்தில் பிறந்த பல பிள்ளைகளின் பதிவில் 'வந்துபோகிற வெளிநாட்டவரின் பிள்ளை' என்று எழுதினார்கள். பத்து வருடமாக அதே தெருவில் குடியிருப்பவரும் 'வந்துபோகிறவர்'தான். 2014-இல்தான் அந்த வழக்கம் மாறியது. என் மருந்துக்கடை வீரமெல்லாம் அப்பாவின் கடவுச்சீட்டில் ஒட்டியிருந்த ஒரு தாளின் தயவு என்பது எனக்குத் தெரியும். ஆச்சியைப் பார்க்க நான் விசா எடுக்க வேண்டும் என்பதும் தெரியும்.

ஆச்சியோடு ஒரு தொல்லை உண்டு. சிலி ஸ்பானிஷில் வார்த்தைக்கு வார்த்தை 'போ' போடுவோம். 'ஸீ போ' என்றால் 'ஆமாப்பா'. 'யா போ' என்றால் 'சரி விடு', 'சீக்கிரம்', 'போதும்', இன்னும் என்னவெல்லாமோ. அதற்கென்று தனி அர்த்தம் கிடையாது, அது இல்லாமல் பேசினால் நீங்கள் சிலிக்காரர் கிடையாது, அவ்வளவுதான். தொலைபேசியில் திருநெல்வேலி ஆச்சியிடம் தமிழில் பேசும்போதும் அது வாய்தவறி வந்துவிடும். "என்னட்டி இது, ஆச்சி ஒண்ணு சொன்னா 'போ போ'ங்குற. வயசான காலத்துல எங்கட்டி போவேன்?" என்பாள். பத்து வருடமாக விளக்கிவருகிறேன்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு வைத்த பட்டம் 'இந்து'. இந்தியாவிலிருந்து வந்த எவரும் இங்கே இந்துதான், பள்ளிவாசலுக்குப் போகிறவராக இருந்தாலும். காரணம் இருக்கிறது. ஸ்பானிஷில் 'இந்தியா' நாட்டுக்காரி என்பதற்கான நேர்ச்சொல், இந்த மண்ணின் பூர்வகுடிகளைக் கீழாகச் சொல்லும் வசை. முதல் வகுப்பில் நான் எழுந்து நின்று அந்தச் சொல்லால் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டபோது ஆசிரியை பதறிப்போய், "அப்படிச் சொல்லக் கூடாது கண்ணு, இந்துன்னு சொல்லு" என்றார். மரியாதைக்காகத்தான். யாருக்கு மரியாதை, யாருக்கு அவமரியாதை என்று யோசிக்க எனக்கு இன்னும் பத்து வருடம் ஆயிற்று.

செப்டம்பர் வந்தால் நாட்டு நாள் விழா. சிலி 4,300 கிலோமீட்டர் நீளம். விழாவிலும் வடக்கு, நடு, தெற்கு, தீவு என்று மண்டல வாரியாக ஆட்டம். நடுவில் ஆடுவது குவெக்கா, கைக்குட்டையைச் சுழற்றி ஆண் சேவல் மாதிரியும் பெண் கோழி மாதிரியும் சுற்றிவரும் ஜோடி ஆட்டம். 1979-இல் ராணுவ அரசு ஆணை போட்டு அதைத் தேசிய நடனமாக்கியது. அதே காலத்தில், அந்த ஆட்சியில் காணாமல் போனவர்களின் மனைவிகளும் அம்மாக்களும் அதைத் துணையில்லாமல் தனியாக ஆடிக்காட்டினார்கள். இதெல்லாம் பின்னால் படித்தது. ஏழு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், குவெக்காவுக்குப் பூப்போட்ட பாவாடையும் வெள்ளை ஏப்ரனும் உண்டு, எனக்கு அது வேண்டும்.

எனக்குக் கிடைத்தது ராப்பா நூயி, அதாவது ஈஸ்டர் தீவின் ஆட்டம். முதல் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, ஒரு வருடம் தவறாமல். ஓலைப்பாவாடை, காதோரம் பிளாஸ்டிக் செம்பருத்தி, கடல் அலை மாதிரி கை. "உன் நிறத்துக்கு எடுப்பா இருக்கும்" என்பார் ஆசிரியை. பொலிவியாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையனுக்கு வருடா வருடம் வடக்கின் பிசாசு நடனம். குவெக்கா ஜோடி எப்போதும் வெளுத்த பிள்ளைகள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அம்மாகூட ஆசையாகப் படம் எடுத்தாள். சிலி கரையிலிருந்து 3,500 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு தீவின் பிரதிநிதியாக எட்டு வருடம் இருந்திருக்கிறேன். 1888-இல் சிலி சேர்த்துக்கொண்ட அந்தத் தீவின் மக்களுக்கே குடியுரிமை 1966-இல்தான் கிடைத்தது. எனக்குக் குவெக்கா கிடைக்கவே இல்லை.

கொடி பற்றியும் சொல்ல வேண்டும். மே 21, செப்டம்பர் 18, 19 ஆகிய நாட்களில் வீட்டில் கொடி ஏற்றுவது இங்கே கட்டாயம். ஏற்றாவிட்டாலும் தப்பாக ஏற்றினாலும் அபராதம். 2011 வரை மற்ற நாட்களில் ஆசைப்பட்டு ஏற்றுவதற்கு அனுமதி வேறு தேவைப்பட்டது. அப்பா வந்த முதல் வருடம் கொடியை ஜன்னலிலிருந்து நீளவாக்கில் தொங்கவிட்டார். நீளவாக்கில் விட்டாலும் நட்சத்திரம் உள்ள நீலக்கட்டம் பார்ப்பவருக்கு இடப்பக்கம் வர வேண்டும். அப்பா கொடியைச் சும்மா திருப்பிவிட்டார், நீலம் வலப்பக்கம் போய்விட்டது. பக்கத்து வீட்டு அம்மா ஓடிவந்து சரிசெய்தார். பக்கத்து வீட்டுக்காரி என்பதற்கு ஸ்பானிஷில் 'வெசினா'. அம்மா அதை அவருடைய பெயர் என்றே ஒரு வருடம் நினைத்திருந்தாள். எங்களுக்கு அவர் இன்றுவரை வெசினாதான்.

அந்த 18-ஆம் தேதி விடுதலை நாள்கூடக் கிடையாது. 1810-இல் சாந்தியாகோ பெரியவர்கள் கூடி, நெப்போலியனிடம் சிறைப்பட்டிருந்த ஸ்பெயின் மன்னர் பெயரிலேயே ஆளுகிறோம் என்று ஒரு குழு அமைத்த நாள். விடுதலையை அறிவித்தது 1818 பிப்ரவரி 12. பிப்ரவரியில் எல்லோரும் கடற்கரையில் இருப்போம், யார் அதைக் கொண்டாடுவது?

எங்கள் ஊரில் பழசெல்லாம் இப்படித்தான். லா செரேனாவின் வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு, கல் வளைவு எல்லாம் காலனிக் காலத்தவை என்று சுற்றுலாப் பயணிகள் படமெடுப்பார்கள். நிறைய கட்டடங்கள் வெசினாவைவிட இளையவை. இந்த ஊரில் பிறந்து குடியரசுத் தலைவரான கப்ரியேல் கோன்சாலேஸ் விதேலா 1940-களின் கடைசியில் திட்டம் போட்டு ஊருக்குப் பழைய முகம் கட்டிக்கொடுத்தார். அதே மனிதர் முன்பு நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது, 1936-இல், எல்கி பள்ளத்தாக்கில் லா உனியோன் என்ற கிராமத்தின் பெயரை 'பிஸ்கோ எல்கி' என்று மாற்றவைத்தார். பிஸ்கோ என்பது திராட்சைச் சாராயம். பெருவில் பிஸ்கோ என்று ஊரே இருக்கிறது, ஆகவே பெயர் தங்களுக்கே என்று பெரு சொல்ல, எங்களிடமும் ஊர் இருக்கிறது பார் என்று ஒரு ஊரையே செய்துகொண்டோம். இந்தச் சண்டை கடைசியில் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. 2025-இல் அங்கே, இரண்டு பேரும் வைத்துக்கொள்ளுங்கள், முன்னால் அவரவர் நாட்டுப் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா அந்தச் செய்தியை எனக்கு நாலு தடவை அனுப்பினார். ஒரு இந்தியர் சிலிக்காகப் பெருமைப்படுகிறாரா, இந்தியாவுக்காகவா என்று புரியவில்லை.

அதே பள்ளத்தாக்கில் பிறந்தவர் கவிஞர் கப்ரியேலா மிஸ்த்ரால். நோபல் 1945-இல் கிடைத்தது. சிலியின் தேசிய இலக்கியப் பரிசு ஆறு வருடம் கழித்து, 1951-இல். 'சிலியின் கூலி' என்று இங்கே ஒரு வழக்கு உண்டு. உழைத்தவனுக்கு நன்றிகெட்டதனமாகக் கைவிரிப்பதைச் சொல்வது. தன் நாட்டுப் பெயரையே நன்றிகெட்டதனத்துக்கு வைத்திருக்கும் ஜனங்களை எனக்குப் பிடிக்கும். மிஸ்த்ரால் இப்போது 5,000 பெசோ தாளில் இருக்கிறார். 10,000 தாளில் அர்த்துரோ பிராத், 1879-இல் இக்கிக்கே கடற்போரில் எதிரிக் கப்பலுக்குள் குதித்துச் செத்தவர். அந்தப் போரில் அவர் கப்பல் மூழ்கியது. அந்தத் தோல்விக்குத்தான் மே 21 விடுமுறை.

எங்கள் பக்கத்துப் பூர்வகுடிகளான தியாகித்தா மக்களைப் பற்றி நான் படித்ததெல்லாம் இறந்தகாலத்தில். 'வாழ்ந்தார்கள், பானை செய்தார்கள், மறைந்தார்கள்.' அவர்களுடைய கறுப்பு-வெள்ளை-சிவப்புக் கோலங்கள் எங்கள் ஊர் நடைபாதையிலிருந்து காந்தப் பொம்மை வரை எல்லாவற்றிலும் இருந்தன. ஆறாம் வகுப்பில் ஒரு பெண், "எங்க பாட்டி தியாகித்தா" என்றாள். ஆசிரியர், "வழிவந்தவர்னு சொல்லணும்" என்று திருத்தினார். அவர்களைப் பூர்வகுடியாக அங்கீகரித்து 2006-லேயே சட்டம் வந்துவிட்டது. அவருக்குத்தான் செய்தி வந்து சேரவில்லை. 2017 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 88,000 பேருக்கு மேல் தங்களைத் தியாகித்தா என்று சொல்லியிருந்தார்கள்.

இனி 2015. அதற்கு முன் 2014-இலிருந்து ஒரு குறிப்பு. உலகக் கோப்பையில் பிரேசிலோடு ஆட்டம், 1-1, கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடம். மௌரிசியோ பினிய்யா அடித்த பந்து கம்பத்தின் குறுக்குச் சட்டத்தில் பட்டுத் திரும்பியது. பெனால்டியில் தோற்றோம். பினிய்யா என்ன செய்தார் தெரியுமா? அந்த ஷாட்டை முதுகில் பச்சை குத்திக்கொண்டார், 'பெருமைக்கு ஒரு சென்டிமீட்டர்' என்ற வாசகத்தோடு. அத்தை மகளே, சிலி என்றால் என்ன என்று ஒரே படத்தில் கேட்டால் நான் அந்த முதுகைத்தான் அனுப்புவேன்.

மறுவருடம் ஜூலை 4-ஆம் தேதி, சாந்தியாகோ தேசிய மைதானத்தில் அர்ஜென்டினாவைத் தோற்கடித்து முதல் தடவையாகக் கோபா அமெரிக்கா வென்றோம். கடைசிப் பெனால்டியை அலெக்சிஸ் சான்செஸ் மெல்லத் தூக்கிவிட்ட விதத்தைப் பார்த்து அம்மா கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள், ஸ்பானிஷில், முதல் தடவையாக. அந்த மைதானத்தில் ஒரு பகுதி மர இருக்கைகளை மட்டும் யாரும் உட்காராமல் காலியாக விட்டிருக்கிறார்கள். 1973 ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு ஆயிரக்கணக்கானவர்களை அங்கே அடைத்து வைத்திருந்ததன் நினைவாக. ஊரே ஆடிய அந்த இரவிலும் அது காலியாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 16, புதன்கிழமை. அப்பா மலையில். எனக்கு 15 வயது, மறுநாள் கணக்குத் தேர்வு. ஜன்னலில் கொடி ஏற்கெனவே தொங்கியது. மாலை 7 மணி 54 நிமிடம்.

நிலம் ஆடினால் சிலிக்காரர்கள் முதலில் எழுந்திருக்க மாட்டார்கள். விளக்கைப் பார்ப்பார்கள். தொங்கும் விளக்கு எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்துக்கொண்டே பேச்சைத் தொடர்வார்கள், நின்றதும் ஆளுக்கொரு எண் சொல்வார்கள், "நாலு எட்டு", "இல்ல, அஞ்சு இருக்கும்" என்று. பிறகு வானொலி யார் சரி என்று சொல்லும். சின்ன ஆட்டத்துக்கு ஒரு பெயர், பெரியதற்கு வேறு பெயர். சின்னதற்கு எழுந்து ஓடுபவர் வெளியூர்க்காரர். பெரியது வந்தால் மட்டும் எல்லோருக்கும் மனப்பாடமான விதி ஒன்று உண்டு. நிற்க முடியாத அளவு ஆடினாலோ, அரை நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, சங்குக்குக் காத்திராதே, கடலிலிருந்து 30 மீட்டர் உயரத்துக்கு ஏறு.

அன்று விளக்கைப் பார்த்தேன். விளக்கு உத்தரத்தில் இடித்துக்கொண்டிருந்தது. அடுத்து எனக்கு நினைவிருப்பது நாங்கள் தெருவில் இருந்ததுதான். அம்மா கையில் எதற்கோ பால் சட்டி. வெசினா தன் நாயைப் போர்வையில் சுருட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். எங்கள் வீடு கடற்கரைச் சாலைக்குப் பக்கத்துத் தாழ்வில். மேட்டுக்கு ஏற அரை மணி. தெருவெல்லாம் ஜனம். ஓடவில்லை, வேகமாக நடந்தார்கள், யாரோ ஒருவர் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிக்கொண்டே வந்தார். மேலே போனதும் வெசினா போர்வையிலிருந்து நாயை எடுத்துவிட்டு அதை அம்மாவுக்குப் போர்த்தினார். ஒருவர் வண்டியின் வானொலியைத் திறந்து வைத்தார். 8.3 என்றார்கள். பின்னதிர்வுகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் இருட்டுக்குள்ளிருந்து எண்கள் கேட்டன, "அஞ்சரை", "ஆறு". நானும் சொன்னேன். ஒரு தடவை சரியாகச் சொன்னதற்கு முகம் தெரியாத ஒருவர் எனக்கு ரொட்டி கொடுத்தார்.

பக்கத்து ஊரான கொக்கிம்போவின் துறைமுகத்தில் அலை நாலு மீட்டருக்கு மேல் எழுந்து தாழ்வான தெருக்களுக்குள் வந்தது. மீன்பிடிப் படகுகள் சாலையில் கிடந்ததை மறுநாள் பார்த்தோம். எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை. கதவைத் திறந்ததும் அம்மா நேராக அடுப்படிக்குப் போனாள். கேஸ் மூடியிருந்தது, கரண்ட் மெயினும் இறக்கியிருந்தது. "எப்பட்டி செஞ்ச?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. கை செய்திருக்கிறது. அப்பா மலையிலிருந்து அழைத்தபோது அம்மா அழுதுகொண்டே சொன்னாள்: "இவ இந்த ஊர்ப் புள்ளைங்க. நமக்குத்தான் இன்னும் பழகல." அம்மா அதை எப்படிச் சொன்னாள் என்று இன்றுவரை என்னால் பிரித்தறிய முடியவில்லை. பாராட்டும் இருந்தது, ஏதோ கைநழுவிப் போன குரலும் இருந்தது. அந்த வருடம் கொக்கிம்போவின் பெரிய பம்பீய்யா திருவிழாவை ரத்து செய்துவிட்டார்கள். 18-ஆம் தேதி காலை அப்பா இறங்கி வந்து கொடியை எடுத்து, உதறி, மறுபடி தொங்கவிட்டார். நீலம் இடப்பக்கம்.

இங்கேயே நிறுத்தினால் அழகாக இருக்கும். ஆனால் அந்தப் போர்வையைக் கொடுத்த வெசினாதான் 2021-இல் அம்மாவுக்கு வெனிசுவேலாக்காரர்களைத் திட்டும் காணொளிகளை அனுப்பினார். அந்த செப்டம்பரில் இக்கிக்கேயில் ஓர் ஊர்வலம், தெருவில் தங்கியிருந்த வெனிசுவேலாக் குடும்பங்களின் கூடாரங்களையும் துணிகளையும் குழந்தைகளின் சாமான்களையும் குவித்துக் கொளுத்தியது. கையில் சிலிக் கொடிகள். எங்கள் தேசிய கீதம், ஒடுக்குமுறையிலிருந்து தப்பி வருபவர்களின் புகலிடம் இந்த நாடு என்ற வரியில் முடியும். திங்கட்கிழமைகளில் பள்ளி முற்றத்தில் எத்தனை தடவை பாடியிருப்பேன். வெசினா அம்மாவிடம், "உங்களைச் சொல்லலை, நீங்க வேற" என்றார். அம்மா பதில் போடவில்லை. மறுவாரம் வழக்கம்போல ரசம் கொடுத்தனுப்பினாள். வெசினா அதைச் சூப் என்றுதான் குடிக்கிறார்.

2019 அக்டோபரில் நான் சாந்தியாகோவில் மாணவி. மெட்ரோ கட்டணம் 30 பெசோ ஏறியதில் தொடங்கிய கொந்தளிப்பு. 25-ஆம் தேதி பத்து லட்சத்துக்கு மேல் பேர் கூடிய ஊர்வலத்தில் நானும் ஒரு தலை. அங்கே மூன்று கொடிகள் பார்த்தேன்: சிலிக் கொடி, அதையே கறுப்பாக்கியது, மாப்புச்சே என்ற பூர்வகுடி மக்களின் கொடி. மாப்புச்சே கொடிதான் அதிகம் என்று தோன்றியது. லா செரேனாவில் ஊரின் பெயர்பெற்ற சாலையில் நின்ற ஸ்பானியத் தளபதி பிரான்சிஸ்கோ தே அகீரேயின் சிலையை வீழ்த்தி, அந்த இடத்தில் ஒரு தியாகித்தாப் பெண்ணின் உருவத்தை வைத்தார்கள். ஆறாம் வகுப்புத் தோழிதான் படம் அனுப்பினாள், கீழே ஒரே வரி: "வழிவந்தவராம்."

பிறகு வாக்கெடுப்புகள். ஐந்து வருடத்துக்கு மேல் குடியிருப்பவர் வெளிநாட்டவரானாலும் இங்கே வாக்களிக்கலாம். ஆகவே இந்தியக் கடவுச்சீட்டை விட மனமில்லாத அப்பாவும் நானும் 2020-இல், கொரோனா காலம் என்பதால் ஆளுக்கொரு நீலப் பேனா எடுத்துக்கொண்டு போனோம். புதிய அரசியல் சட்டம் வேண்டும் என்று 78 சதவீதம். எழுதியும் வந்தது, 388 பிரிவுகள், சிலியைப் 'பன்மைத் தேசிய' நாடு என்று முதல் பிரிவிலேயே சொன்னது. அப்பா அச்சிட்டுப் படித்தார், அடிக்கோடு போட்டுப் படித்தார். "ஒரு நாட்டுக்குள்ள பல தேசம் இருந்தா உடைஞ்சிருமா? நாங்க என்ன உடைஞ்சா போனோம்?" என்று ஆம் போட்டார். நானும் ஆம். என் அறைத்தோழி மாப்புச்சே, தெற்கே அராவுக்கானியாவைச் சேர்ந்தவள். அவள் வீட்டில் அம்மா, மாமா, பெரியம்மா எல்லோரும் வேண்டாம் போட்டார்கள். "எங்களைப் பத்தி மறுபடியும் சாந்தியாகோவுல உக்காந்து எழுதியிருக்காங்க" என்றாளாம் அவள் அம்மா. 2022 செப்டம்பர் 4-ஆம் தேதி 62 சதவீதம் வேண்டாம். அராவுக்கானியாவில் சுமார் 74. அன்றிரவு அடுப்படியில் நானும் அவளும் பேசிக்கொள்ளாமல் தேநீர் குடித்தோம். 2023 டிசம்பரில் எதிர்ப்பக்கத்தார் எழுதிய இன்னொரு வரைவு, அதற்கும் வேண்டாம். மூன்று தடவை வாக்களித்திருக்கிறேன். இருப்பது பலமுறை திருத்திய அதே 1980-இன் சட்டம்தான். பினிய்யாவின் முதுகு மறுபடியும் ஞாபகம் வந்தது.

இப்போது நான் இருப்பது பதினோராம் மாடி. எதிர் வீட்டில் வெனிசுவேலாவின் மரகாய்போவிலிருந்து வந்த ஓர் அம்மாவும் ஒன்பது வயதுப் பெண்ணும். போன வாரம் குட்டி கதவைத் தட்டினாள். பள்ளி விழாவில் அவளைக் குவெக்காவுக்குப் போட்டிருக்கிறார்களாம். நாடு கொஞ்சம் மாறியிருக்கிறது, அல்லது அவள் ஆசிரியை நல்லவர். "நீ சிலிக்காரிதானே, சொல்லிக்கொடு" என்றாள். எனக்குத் தெரியாது என்றால் நம்பவில்லை. ராப்பா நூயி கையசைவு செய்து காட்டினேன். அது வேண்டாமாம்.

கைபேசியில் ஒரு காணொளியைப் போட்டுவிட்டு, சோபாவை நகர்த்தி, இரண்டு பேரும் கற்றோம். கைக்குட்டைக்குப் பதில் என்னிடம் இருந்தது அடுப்படித் துணி. முதல் சுற்று, அரைவட்டம், இடம் மாறுவது, பாதத்தால் தரையைக் கூட்டுவது மாதிரி ஒரு அடி. அவள் இரண்டே தடவையில் பிடித்துக்கொண்டாள். நான் எதிர்ப்பக்கம் சுற்றி அவள் மேல் இரண்டு முறை மோதினேன். தரையை உதைத்துத் தட்டும் இடம் வந்ததும் இருவரும் உற்சாகமாகத் தட்டினோம், ஜன்னல் கண்ணாடி கிணுகிணுத்தது.

நிறுத்தினோம். கண்ணாடி நிற்கவில்லை. நான் தலையை நிமிர்த்துவதற்குள் அவள் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அடுப்படித் துணி கையில் அப்படியே. இடவலமாக மெல்ல ஆடி, நின்றது.

"நாலரை" என்றாள்.

"நாலுகூட இருக்காது போ" என்றேன். காணொளியை இரண்டாம் சுற்றுக்கு நகர்த்தினேன்.